'ஒன்லி' என்றால் 'மட்டும்' மட்டும்தானா?

பத்தாம் வகுப்புவரை தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். இங்கிலீஷ் இலக்கணத்தைப் பற்றிக் கட்டுரை எழுத இவளுக்கு என்ன தகுதி என்று கேட்காதீர்கள். ஒரு சின்ன இங்கிலீஷ் வார்த்தை எங்கள் வீட்டில் ஒரே ராத்திரியில் இரண்டு தடவை விளையாடிவிட்டது. அந்த அனுபவம் கொடுத்த தகுதிதான்.

போன ஐப்பசி மாதம். பாலவாக்கத்தில் மழை வந்தால் கூடவே கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும். அன்றும் அப்படித்தான். சாயங்காலம் ஆறரை மணிக்குக் கரண்ட் போய்விட்டது. என் கணவர் வேலையிலிருந்து திரும்பவில்லை. நான் அடுப்படியில் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தேன். என் மாமியாருக்கு (நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) 74 வயது. சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு. அந்த வாரம் இருமலும் சேர்ந்துகொண்டது. அலமாரியில் இரண்டு பாட்டில்கள், இரண்டும் பழுப்புக் கண்ணாடி, இரண்டுக்கும் வெள்ளை மூடி. ஒன்று இருமல் மருந்து. இன்னொன்று முழங்காலுக்குத் தேய்க்கிற வலித் தைலம்.

"அம்மாடி, தொண்டையெல்லாம் எரியுதே!" என்று அத்தை குரல் கொடுத்ததும் ஓடினேன். கையில் தைலப் பாட்டில். ஸ்பூனில் பாதி மிச்சம் இருக்கிறது.

எனக்குக் கைகால் ஓடவில்லை. உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்று டம்ளரைக் கையில் எடுத்துவிட்டேன். அதற்குள் என் பையன் 108-க்குப் போன் போட்டிருந்தான். "வாந்தி எடுக்க வைக்காதீங்க. பாட்டிலைக் கையோட எடுத்துட்டு வாங்க" என்று அங்கிருந்து சொன்னார்கள். அதைக் கேட்டதால் பிழைத்தோம். வலித் தைலங்களில் பல, கற்பூரமும் வின்டர்கிரீன் எண்ணெயும் சேர்ந்தவை. தோலுக்கு மேலே உதவி செய்கிற அதே பொருள் வயிற்றுக்குள் போனால் விஷம். குழந்தைகளுக்கு ஒரு ஸ்பூன்கூட உயிருக்கு ஆபத்து. வாந்தி எடுக்க வைத்தால் நுரையீரலுக்குள் போய் இன்னும் கெடுதல் பண்ணும். அத்தை வாயில் வைத்ததில் பாதியைத் துப்பிவிட்டார். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டேன். "ஏன் அத்தை, லேபிளைப் பார்க்கலையா?"

"பார்த்தேன்மா. டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஒன்லின்னு போட்டிருந்துச்சு. அதனாலதான் எடுத்தேன்" என்றார்.

அத்தை படித்தது மூன்றாம் வகுப்பு. சின்ன வயதில் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் தையல் வேலைக்குப் போனவர். பெட்டியில் எழுதியிருக்கும் 'லேடீஸ் ஒன்லி'யைப் பார்த்துப் பார்த்து, ஓ, என், எல், ஒய் என்ற நாலு எழுத்தும் மனசில் பதிந்துவிட்டது. "லேடீஸ் ஒன்லின்னா லேடீஸுக்குன்னு வச்ச பெட்டி. இதிலயும் ஒன்லி இருந்துச்சு. சரி, இதுதான் எனக்குன்னு டாக்டர் கொடுத்ததுன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

லேபிளில் இருந்தது 'ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி'. அதாவது 'வெளியே பூசுவதற்கு மட்டும்'. நாலு வார்த்தையில் அத்தைக்குத் தெரிந்தது கடைசி வார்த்தை ஒன்றுதான். எச்சரிக்கை சொல்ல வந்த வார்த்தையே அவருக்கு அழைப்பாகிவிட்டது.

நான் சிரித்திருப்பேன். ஆனால் ஆஸ்பத்திரியில் நான் செய்த காரியம் நினைவுக்கு வந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

நான் சொன்ன 'ஒன்லி'

அன்று டியூட்டியில் இருந்தவர் தமிழ் தெரியாத இளம் டாக்டர். இங்கிலீஷில் கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பதில் சொன்னேன். "எவ்வளவு குடித்தார்?" என்றார். "ஒன் ஸ்பூன் ஒன்லி" என்றேன். சரியாகப் புரிந்துகொண்டார். அடுத்து, "சர்க்கரை மாத்திரை உண்டா?" என்றார். "எஸ் டாக்டர், மார்னிங் ஒன்லி" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

என் மனசில் இருந்தது என்ன தெரியுமா? 'இன்னிக்குக் காலையிலேயே போட்டாச்சு' என்பது. அவர் எழுதியது, 'தினம் காலையில் மட்டும் ஒரு வேளை' என்று. அத்தைக்குக் காலை, ராத்திரி இரண்டு வேளையும் மாத்திரை உண்டு!

நல்லவேளை, நர்ஸ் அம்மா பேப்பரைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார். "பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரை காலையில மட்டும்தானா? ராத்திரி கிடையாதா?" அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஒரு கேள்வி இல்லாவிட்டால் அத்தைக்கு ராத்திரி மாத்திரை விட்டுப்போயிருக்கும்.

நம் 'தான்' எங்கே போகும்?

எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் என் சந்தேகத்தைக் கேட்டேன். "தப்பு உன்மேல இல்லம்மா. நம்ம தமிழ்லயே காரணம் இருக்கு" என்று சொல்லி நன்னூலை எடுத்துவிட்டார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கணம் அது. வார்த்தையின் கடைசியில் சேருகிற 'ஏ' என்ற எழுத்துக்கு அதில் ஆறு பொருள் சொல்லியிருக்கிறதாம். அதில் நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று பிரிநிலை: பலவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது. 'எல்லாரும் இருக்க, இவளே செய்தாள்' என்றால் மற்றவர் யாரும் இல்லை. இன்னொன்று தேற்றம்: சந்தேகமில்லாமல் உறுதி சொல்வது. 'உண்மையே' என்றால் நிச்சயம் உண்மை. இங்கே யாரையும் பிரிக்கவில்லை.

நாம் பேச்சில் சொல்கிற 'தான்' இந்த இரண்டு வேலையையும் பார்க்கிறது. "எனக்கு ஒரு தோசைதான் வேணும்" என்றால் பிரிநிலை. ஒன்றுக்கு மேல் வேண்டாம். "நான் வீட்டிலதான் இருக்கேன், வாங்க" என்றால் தேற்றம். வீட்டை விட்டு எங்கும் போகமாட்டேன் என்ற அர்த்தமில்லை.

இங்கிலீஷ்காரர்களின் 'ஒன்லி' பெரும்பாலும் பிரிநிலைக்குத்தான். நாமோ 'தான்' வருகிற இடத்திலெல்லாம் அதைப் போட்டுவிடுகிறோம். "ஐ ஆம் இன் த ஹவுஸ் ஒன்லி", "ஹீ ஈஸ் மை சன் ஒன்லி", "நௌ ஒன்லி ஐ கேம்" என்றெல்லாம் சொல்கிறோம். தமிழர்கள் மட்டும் இப்படிப் பேசுவதில்லை. இந்தியில் 'ஹீ' என்று ஒரு சொல் இருக்கிறது. அதுவும் நம் 'தான்' போலவே. அதனால் வடக்கத்திக்காரர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். இந்திய இங்கிலீஷின் தனிக்குணம் என்று மொழி ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதைப் பற்றிக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்களாம். நமக்குள் பேசிக்கொள்ளும்போது இதில் ஒரு தப்பும் இல்லை, நமக்குப் புரிகிறது. ஆஸ்பத்திரி, பாங்க், கோர்ட் போன்ற இடங்களில்தான் கவனம் வேண்டும். 'மார்னிங் ஒன்லி' என்றால் எதிரே இருப்பவர் காதில் பிரிநிலையாகத்தான் விழும்.

இடம் மாறினால் பொருள் மாறும்

தமிழில் ஒரு வசதி. 'தான்', 'மட்டும்' இரண்டும் எந்த வார்த்தையைக் குறிக்கிறதோ அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போகும். வாக்கியத்தை எப்படித் திருப்பிப் போட்டாலும் குழப்பம் வராது. இங்கிலீஷில் 'ஒன்லி' தனியாக நிற்கிற வார்த்தை. எதன் பக்கத்தில் நிற்கிறதோ அதற்குச் சொந்தம். பொதுவாக, குறிக்கிற வார்த்தைக்கு முன்னால் நிற்கும். நாம் பின்னால் போட்டுப் பழகியவர்கள். இங்கேதான் சிக்கல்.

'ஐ கேவ் ஹெர் டூ டேப்லட்ஸ் அட் நைட்' என்று ஒரு வாக்கியத்தை வைத்துக்கொள்ளுங்கள். 'ராத்திரி அவருக்கு இரண்டு மாத்திரை கொடுத்தேன்.' இதில் 'ஒன்லி'யை ஒவ்வொரு இடமாக நகர்த்திப் பார்ப்போம்.

'ஒன்லி ஐ கேவ் ஹெர்...' என்றால், கொடுத்தது நான் மட்டும்தான், வேறு யாரும் கொடுக்கவில்லை.

'ஐ கேவ் ஒன்லி ஹெர்...' என்றால், அவருக்கு மட்டும் கொடுத்தேன், மற்றவருக்கு இல்லை.

'ஐ கேவ் ஹெர் ஒன்லி டூ டேப்லட்ஸ்...' என்றால், இரண்டே இரண்டு.

'...ஒன்லி அட் நைட்' என்றால், ராத்திரி மட்டும், பகலில் இல்லை.

'ஐ ஒன்லி கேவ்...' என்று வினைச்சொல்லுக்கு முன்னால் போட்டால் வழவழா. இங்கிலீஷ்காரர்களே பேச்சில் அப்படித்தான் போட்டுவிட்டு, எந்த வார்த்தையை அழுத்திச் சொல்கிறார்களோ அதை வைத்துப் புரிந்துகொள்கிறார்கள். எழுதும்போது அழுத்தம் காதில் விழாதே! அதனால் எழுத்தில், குறிக்கிற வார்த்தைக்கு ஒட்டி முன்னால் போடுவதே பத்திரம்.

அறிவிப்புப் பலகைகளிலும் லேபிள்களிலும் மட்டும் 'ஒன்லி' நம்மைப் போலவே கடைசியில் வந்து நிற்கும். 'லேடீஸ் ஒன்லி', 'ஸ்டாஃப் ஒன்லி', 'எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி'. இங்கே மட்டும் தமிழ்க் கண்ணோடு படித்தால் சரியாக வரும்.

மகன் ஒருவனா, ஒரே மகனா?

'ஒன்லி' பெயர்ச்சொல்லுக்கு அடைமொழியாக வந்தால் 'ஒரே' என்று பொருள். 'மை ஒன்லி சன்' என்றால் 'என் ஒரே மகன்'. 'மை சன் ஒன்லி' என்று நாம் சொல்வது 'என் மகன்தான்'. ஸ்கூல் அட்மிஷனில் இதை மாற்றிச் சொல்லிவிட்டு, மூன்று பிள்ளை பெற்றவள் ஒரே பிள்ளைக்காரியான கதை எங்கள் சொந்தத்திலேயே உண்டு!

'ஆன் ஒன்லி சைல்ட்' என்றால் கூடப் பிறந்தவர் இல்லாத குழந்தை. 'த ஒன்லி சைல்ட் இன் த ரூம்' என்றால் அந்த அறையில் இருக்கிற ஒரே குழந்தை. அதற்கு வீட்டில் நாலு அண்ணன் தம்பிகள் இருக்கலாம்.

இந்த வார்த்தையின் பிறப்பே 'ஒன்று' என்பதில்தான். பழைய இங்கிலீஷில் 'ஒன்று' என்ற சொல்லோடு 'போன்ற' என்ற பொருள் தரும் ஒட்டு சேர்ந்து வந்தது. 'அலோன்' என்பதும் அதே வயிற்றில் பிறந்ததுதான். முன்காலத்தில் 'ஒன்' என்பதை 'ஓன்' என்று நீட்டித்தான் சொல்வார்களாம். பிற்பாடு அது 'வன்' ஆகிவிட்டது. பிள்ளைகள் பழைய உச்சரிப்பை விடவில்லை. அதனால்தான் 'ஒன்லி' என்று குறுக்காமல் 'ஓன்லி' என்று நீட்டிச் சொல்வது சரி. நம் 'ஒன்று'க்கும் இதற்கும் உறவு என்று நினைத்துவிடாதீர்கள். ஓசை ஒத்துப்போவது தற்செயல்.

இன்னும் சில முகங்கள்

'ஐ வில் கம், ஒன்லி ஐ ஹாவ் ஃபீவர்' என்றால், 'வருவேன், ஆனால் ஜுரமாக இருக்கிறதே'. இங்கே 'ஒன்லி'க்கு 'ஆனால்' என்று பொருள்.

'நாட் ஒன்லி... பட் ஆல்ஸோ' என்பது நம் 'மட்டுமல்ல... கூட'. 'கீரையில் இரும்புச் சத்து மட்டுமல்ல, நார்ச்சத்தும் உண்டு' என்று எழுதுகிறோமே, அதேதான்.

'ஒன்லி டூ கிளாட்' என்று யாராவது சொன்னால் 'சந்தோஷம் மட்டும்' என்று நினைக்கக்கூடாது. 'ரொம்ப ரொம்ப சந்தோஷம்' என்று அர்த்தம்!

'ஒன்லி யெஸ்டர்டே' என்றால் 'நேற்றுத்தான்'. நம் 'தான்' அப்படியே பொருந்துகிற இடம் இது. ஆனால் முன்னால் வரவேண்டும்.

'ஒன்லி தென்' என்று வாக்கியத்தை ஆரம்பித்தால் அடுத்து வருகிற வார்த்தைகள் கேள்வி கேட்பதுபோல் புரண்டு நிற்கும். 'ஒன்லி தென் டிட் ஐ அண்டர்ஸ்டாண்ட்.' 'அப்போதுதான் எனக்குப் புரிந்தது.' கேள்விக்குறி கிடையாது.

செக்கில் போடும் பூட்டு

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் செக் எழுதுகிற வேலை என்னுடையது. 'ஃபைவ் தௌசண்ட் ஒன்லி' என்று முடிப்போம். தமிழில் 'ரூபாய் ஐயாயிரம் மட்டும்'. அந்த 'ஒன்லி' அலங்காரத்துக்கு இல்லை. 'ஐயாயிரம்' என்பதற்குப் பின்னால் யாரும் 'தொள்ளாயிரம்' என்று சேர்த்துவிடாமல் போடுகிற பூட்டு அது. 1881-ஆம் வருஷத்துச் செலாவணி முறிச் சட்டப்படி, எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகைக்குத்தான் மதிப்பு. அதனால்தான் எழுத்தின் வாலில் பூட்டு. இடைவெளி விடாமல் எழுதி, 'ஒன்லி'க்குப் பிறகு ஒரு கோடும் இழுத்துவிடுங்கள். இன்னொரு விஷயம், செக்கை இங்கிலீஷில்தான் எழுதவேண்டும் என்பதில்லை. அந்தந்த மாநில மொழியிலும் எழுதலாம் என்று ரிசர்வ் பாங்க் அனுமதித்திருக்கிறது. கூச்சப்படாமல் தமிழில் எழுதலாம்.

மருந்துப் பெட்டியில் இருக்கும் 'ஒன்லி'கள்

சகோதரிகளே, கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

'ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி': தைலம், லோஷன், ஆயின்ட்மென்ட் போன்ற வெளிமருந்துகளின் மேல் இந்த வாசகம் இருந்தே ஆகவேண்டும் என்று 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளே சொல்கின்றன. வெளியே பூச மட்டும். வாயில் போகக்கூடாது.

'ஃபார் ஆப்தால்மிக் யூஸ் ஒன்லி': கண்ணுக்கு மட்டும். காதுச் சொட்டு மருந்தும் கண் சொட்டு மருந்தும் பார்க்க அக்கா தங்கை மாதிரி இருக்கும். காதுக்கானதைக் கண்ணில் விட்டால் கண் புண்ணாகிவிடும்.

'ஃபார் சிங்கிள் யூஸ் ஒன்லி': ஊசி, சிரிஞ்சு மேல் இருக்கும். ஒரே ஒரு தடவைதான். வெந்நீரில் கழுவி மறுபடி உபயோகிக்கக்கூடாது.

'ஒன்ஸ் எ வீக் ஒன்லி': வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். மூட்டுவாதத்துக்குத் தருகிற மெதோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை இப்படிப்பட்டது. தினம் ஒன்று என்று தப்பாகப் போட்டுக்கொண்டு உயிரையே விட்டவர்கள் உலகமெங்கும் உண்டு. எந்தக் கிழமை என்று டாக்டரிடமே கேட்டு, காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

சீட்டில் 'எஸ்.ஓ.எஸ்.' என்று எழுதியிருந்தால் 'ஒன்லி இஃப் நீடட்' என்று அர்த்தம். 'தேவைப்பட்டால் மட்டும்' என்பதற்கான லத்தீன் சொற்களின் சுருக்கம் அது. ஜுரமோ வலியோ இல்லாத நாளில் போடவேண்டியதில்லை. அதேசமயம், ஒரு நாளைக்கு எத்தனை தடவைவரை போடலாம் என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

வீட்டில் நான் செய்த மாற்றங்கள்

1. குடிக்கிற மருந்து ஒரு அலமாரி, பூசுகிற மருந்து வேறொரு அலமாரி. இரண்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

2. பூசுகிற பாட்டில்களின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, சிவப்பு மையில் 'பூச மட்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டேன். கழுத்தில் ஒரு சிவப்பு நூலும் கட்டிவிட்டேன். இருட்டில் கை தடவினால்கூடத் தெரியும்.

3. மருந்து வாங்கியவுடன் கடைக்காரரிடமே தமிழில் எழுதித் தரச் சொல்லுகிறேன். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

4. வீட்டில் உள்ளவர்களின் மாத்திரை, வேளை, அளவு எல்லாம் ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன். டாக்டர் கேட்டால் வாயால் சொல்வதில்லை, அட்டையை நீட்டுகிறேன். அதில் 'காலை 1, இரவு 1' என்று இருக்கும். 'ஒன்லி' கிடையாது!

5. தப்பித்தவறி யாராவது குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-க்குப் போன். பாட்டிலும் கூடவே போகவேண்டும்.

அத்தை நடமாட ஆரம்பித்ததும் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் போய்வந்தோம். அகத்தியருக்கு மருந்து வகைகளை ஈசன் உபதேசித்த தலம் என்பது ஐதீகம். பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது அத்தை மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, 'இஃப் ஒன்லி'ன்னு ஒண்ணு உன் பையன் படிச்சிட்டிருந்தானே, அது என்ன?"

'ஒன்லி இஃப்' என்றால் 'இருந்தால் மட்டும்', அது ஒரு நிபந்தனை. அதையே திருப்பி 'இஃப் ஒன்லி' என்று போட்டால் ஏக்கம். 'அப்படி மட்டும் நடந்திருந்தால்!' என்று பெருமூச்சு விடுகிறோமே, அது. இதைச் சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்திவிட்டேன். எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அந்த வீட்டில் வந்த ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் நான் படித்திருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இது இன்ன மருந்து, இதில் இன்னது எழுதியிருக்கு" என்று சொல்லியிருந்தால்?

இப்போது தினமும் சாயங்காலம் அத்தைக்குப் பத்து நிமிஷம் பாடம் நடக்கிறது. 'எக்ஸ்டர்னல்' என்ற வார்த்தையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார். போன வாரம் ஷாம்பூ பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து, "இதிலயும் எக்ஸ்டர்னல் ஒன்லி போட்டிருக்கும்மா, நான் குடிக்கமாட்டேன்" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

உங்கள் வீட்டிலும் லேபிள் படிக்கத் தெரியாத பெரியவர் ஒருவர் இருக்கலாம். இன்றைக்கே அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பத்து நிமிஷம் மட்டும்தான் ஆகும்.